விடுப்பும் ஒரு முதல்தான்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை அளவுக்கு மீறிக் கேள்வி கேட்டால் "உனக்கேன் உந்த விடுப்பு?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அதே பிள்ளை கொஞ்சம் வளர்ந்து காரணகாரியம் பேசத் தொடங்கினால் "விண்ணாணம் கதைக்காதை" என்பார்கள். விண்ணாணம் என்பது விஞ்ஞானம் என்ற வடசொல்லின் தமிழ்த் தேய்வு. அறிவைக் குறித்து வந்த ஒரு சொல்லை ஏளனத்துக்கென்று ஒதுக்கிவைத்த ஊர் எங்களுடையது. இதை நினைத்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் புகலிட இலக்கியம் என்று நாம் பேசிக்கொள்கிற இந்த நாற்பது ஆண்டு எழுத்தின் நிறைகுறைகளைப் பார்க்கப் புகுந்தால், இந்த இரண்டு சொற்களிலும் கால் இடறாமல் போக முடியாது என்றே எமக்குப் படுகிறது.

புகலிட எழுத்தாளர்கள்தான் அடுத்த நூற்றாண்டில் தமிழ் இலக்கியத்துக்குத் தலைமை தாங்கப் போகிறார்கள் என்று எஸ்.பொ. அடித்துச் சொன்னார். 1994இல் இந்திரா பார்த்தசாரதியும் அவருமாகச் சேர்ந்து 'பனியும் பனையும்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 39 கதைகள். எஸ்.பொ.வின் வாக்கு எங்களுக்கு இனித்தது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் மேடைக்கு மேடை அதை எடுத்துச் சொல்லிக் கைதட்டு வாங்கினோம். எந்த முதலை நம்பி அவர் அப்படிச் சொன்னார் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. போர், ஓட்டம், எல்லைகள், பனி, இரண்டு வேலை என்று வேறு எந்தத் தமிழனுக்கும் வாய்க்காத அனுபவம் எங்களுக்கு வாய்த்திருக்கிறது, அதுவே போதும் என்பதுதான் அந்த நம்பிக்கையின் அடி. அனுபவம் தானாக எழுத்தாகிவிடும் என்றால் விமான நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்ட ஒவ்வொருவரும் காவியம் பாடியிருக்க வேண்டும். நாங்கள் கொண்டுவந்தது ஊர்நினைவு. வங்கியில் போட்ட வைப்புப் பணம் மாதிரி அதற்கு ஒரு சிறு வட்டி உண்டு. ஆனால் எங்களில் பலர் வட்டியோடு நிற்காமல் முதலிலேயே கைவைத்துவிட்டோம். கிணற்றடி, வேப்பமரம், பனங்காய்ப் பணியாரம், அம்மாவின் கை என்று எடுத்து எடுத்துச் செலவழித்தோம். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது எங்கள் பழமொழிதானே.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கனடா 1967இல் குடிவரவுக்குப் புள்ளிமுறையைக் கொண்டுவந்தபோது மொத்தம் 100 புள்ளிகளில் படிப்புக்கு 20, தொழிலின் தேவைக்கு 15, மொழிக்கு 10 என்று பங்கிட்டார்கள். இவற்றோடு ஆளைப் பார்த்து அதிகாரி போடும் 15 புள்ளிகளும் இருந்தன. வந்தவனுக்கு ஊக்கம் உண்டா, தானாக ஒன்றைத் தொடங்குவானா, இல்லாத இடத்தில் வழிகாணுவானா என்பதற்கான புள்ளிகள் அவை. அதிகாரியின் கண்ணில் நிறமும் உச்சரிப்பும் கலந்திருக்கும் என்பதால் அது ஆபத்தான 15தான். இருந்தாலும் ஒரு மனிதனின் தேடலுக்கும் விலை உண்டு என்று ஓர் அரசாங்கம் தாளில் எழுதி ஒப்புக்கொண்டிருந்தது. 2002இல் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த இனம் எடுபட்டுப் போயிற்று. அதன் இடத்தில் இசைவாக்கம் என்று ஒன்று வந்தது. மனைவி எவ்வளவு படித்திருக்கிறாள், கனடாவில் உறவினர் உண்டா என்பவற்றைக் கொண்டு அதை அளந்தார்கள். அளக்கக்கூடியது மட்டும் மிஞ்சியது.

எங்களில் பெரும்பாலானோர் இந்த வாசலால் வந்தவர்கள் அல்லர் என்பது வேறு கதை. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரிடமும், பின்னால் விமானத்தில் வந்த எங்களிடமும், எவரும் உனக்கு என்ன தெரியும், எதை அறிய விருப்பம் என்று கேட்கவில்லை. உனக்கு எதற்குப் பயம் என்று கேட்டார்கள். அகதி விசாரணையின் ஒரே கேள்வி அதுதான். அது நியாயமான கேள்வியும்கூட. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் எழுத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. தொண்ணூறுகளின் புகலிடச் சிறுகதைகளைத் தொடர்ச்சியாக வாசித்தால் அவற்றில் பலவற்றில் அந்த விசாரணை அறையின் வாடை அடிக்கும். எதிரே ஒருவர் கோவையோடு இருக்கிறார். நாங்கள் பட்டதைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். திகதி பிசகக்கூடாது, முரண்பாடு வரக்கூடாது, சிரிப்பு வரவே கூடாது. சாட்சியத்துக்கு இது பொருந்தும். கதைக்கு இது போதாது. அந்த அதிகாரியின் மேசையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியில் என்ன இருந்தது என்று பார்த்த கதைசொல்லி எங்களிடம் மிகக் குறைவு.

அந்தப் பெட்டியைப் பார்க்கக்கூடிய ஒருவர் இந்த நகரத்தில் இருக்கிறார். அ.முத்துலிங்கம்.

1937இல் கொக்குவிலில் பிறந்தவர். 'அக்கா' தொகுப்பு 1964இல் வந்தது. பின்பு கணக்காளர் தொழில், எழுபதுகளில் சியரா லியோன், அதன் பின் ஐக்கிய நாடுகளின் வேலையாகப் பல தேசங்கள். அடுத்த தொகுப்பான 'திகடசக்கரம்' வர 1995 ஆயிற்று. இடையில் 31 ஆண்டுகள். எழுத்தாளன் மௌனமாக இருந்த காலம் என்று இதைச் சொல்லிவிடலாம். எமக்கு அப்படிப் படவில்லை. அது முதல் சேர்த்த காலம். வேறொருவர் இந்த 31 ஆண்டுகளையும் பிரிவுத்துயர் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். முத்துலிங்கம் எந்த நாட்டில் இறங்கினாலும் அங்குள்ள மனிதர் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படிக் கடன் வாங்குகிறார், மகளை எப்படிக் கட்டிக் கொடுக்கிறார் என்று பார்த்திருக்கிறார். வேலைக்காரரிடமும் சாரதியிடமும் பக்கத்து ஆசனத்தில் இருந்தவரிடமும் கேட்டிருக்கிறார். கணக்காளரின் பழக்கம் ஒன்று உண்டு: களஞ்சியத்துக்குள் போனால் பொருளை எண்ணாமல் வெளியே வரமாட்டார். அவருடைய கதைகளில் எத்தனை படி, எத்தனை மைல், என்ன விலை என்று எண்கள் வந்துகொண்டே இருப்பதைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். தொழில் அவருடைய கலையைத் தின்றுவிடவில்லை. கலைக்கு ஒரு கண்ணைக் கொடுத்திருக்கிறது. நாள் முழுவதும் சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டு எழுத நேரமில்லை என்று புலம்புகிற எங்களுக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

'அங்க இப்ப என்ன நேரம்?' என்பது அவருடைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் பெயர். தொலைபேசியில் எங்கள் எல்லோருடைய வாயிலிருந்தும் ஆயிரம் தடவை வந்த கேள்வி. நாங்கள் அதைக் கேட்டுவிட்டு மறந்துவிடுவோம். அவர் அதைக் கேள்வி என்று கண்டுகொண்டார். 2006இல் வந்த 'வியத்தலும் இலமே' இன்னும் வேடிக்கையானது. வேற்றுமொழி எழுத்தாளர்களைத் தேடிப் போய்க் கண்டு பேசி எழுதியவை. கணியன் பூங்குன்றனிடமிருந்து பெயரை எடுத்திருக்கிறார். பெரியோரைக் கண்டு வியக்கமாட்டோம் என்ற பெருமிதம் அது. உள்ளே போனால் பக்கத்துக்குப் பக்கம் வியப்புத்தான்! அவர்கள் எத்தனை தடவை திருத்தி எழுதுகிறார்கள், எங்கே இருந்து எழுதுகிறார்கள் என்று ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் கருவிப்பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோலப் பார்க்கிறார். எங்கள் ஊரில் இதை விடுப்புப் பிடுங்குதல் என்போம்.

முத்துலிங்கத்தைப் புகழ்வது இப்போது வழக்கமாகிவிட்டபடியால் குறையையும் சொல்லிவைக்கிறோம். இரண்டு இடங்களில் எமக்கு அவரோடு உடன்பாடு இல்லை. முதலாவது, அவருடைய கதைகளில் பல, கேள்வி முற்றுவதற்கு முன் முடிந்துவிடுகின்றன. கடைசி வரியில் ஒரு சிறு திருப்பம், ஒரு புன்னகை, கதவு சாத்தப்படுகிறது. வாசகனுக்கு நிறைவுதான். ஆனால் அந்த ஆபிரிக்கக் கிழவனைப் பற்றி, அந்தப் பாகிஸ்தானி அலுவலரைப் பற்றி நாம் இன்னும் அறிய விரும்பிய ஒன்று கதவுக்கு அப்பால் நின்றுவிடுகிறது. இரண்டாவது இன்னும் பெரிது. அந்நியரிடம் எதையும் கேட்கும் இந்த மனிதர் சொந்தச் சனத்திடம் வரும்போது மரியாதைக்காரராகிவிடுகிறார். சாதி, இயக்கங்கள், எங்கள் கைகளாலேயே எங்களுக்கு நடந்தவை — இந்த வாசல்களைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பிவிடுகிற மாதிரி ஒரு தயக்கம். அவருடைய இயல்பு அது, வெறுப்பு இல்லாமல் எழுதுவதற்கு அவர் கொடுக்கும் விலை அது என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் விடுப்பு என்பது அயல்வீட்டைப் பார்ப்பது மட்டுமாக இருக்க முடியாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தொண்ணூறுகளில் அவருடைய கதைகள் தந்த செய்திகளே எங்களுக்குப் புதினமாக இருந்தன. இன்றைக்குச் செய்தி மலிந்துவிட்டது. எந்த நாட்டுப் பழக்கத்தையும் ஒரு கைப்பேசி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். கேட்டதற்கெல்லாம் முழு வசனத்தில் பதில் எழுதும் இயந்திரமும் வந்துவிட்டது. ஆகவே செய்திக்காக மட்டும் நின்ற கதைகள் இனி மெலியும். கேட்ட முறைக்காக, கேட்கும்போது எதிரே இருந்தவரின் முகம் மாறியதைக் கண்டதற்காக நிற்கும் கதைகள் மெலியா. இந்தச் சல்லடையில் போட்டால் 'மகாராஜாவின் ரயில்வண்டி' தொகுப்பு (2001) பெரும்பாலும் மேலேயே நிற்கும் என்பது எமது கணிப்பு.

செல்வம் அருளானந்தத்தின் 'எழுதித் தீராப் பக்கங்கள்' (2016) வேறு வகை விடுப்பு. 1990இலிருந்து ரொறன்ரோவில் 'காலம்' இதழை நடத்திவருபவர் அவர். இதழ் நடத்துபவருக்கு மற்றவர்களுடைய எழுத்தைத் திருத்தியே காலம் போய்விடும் என்று நினைத்திருந்தோம். அவர் எண்பதுகளின் பாரிஸ் வாழ்க்கையை எழுதத் தொடங்கியபோது ஒரு விடயம் தெரியவந்தது: நெருக்கியடித்துப் படுத்த அறைக்குள் அவர் சும்மா படுத்திருக்கவில்லை. யார் எப்படிக் குறட்டை விட்டார்கள், யார் ஊருக்கு என்ன பொய் எழுதினார்கள், யாருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முத்துலிங்கத்தின் விடுப்பு உலகம் சுற்றுவது. செல்வத்தினுடையது பாயை விட்டு எழும்பாது. ஒழுங்கைச் சந்தியில் நின்று பேசும் விடுப்பேதான். ஆனால் புறணி இல்லை. ஒருவரையும் தீர்ப்பிடாமல், தன்னையும் தப்பவிடாமல் சிரிக்கிறார். அகதி விசாரணைக்கு உதவாத பக்கங்கள் இவை. முரண்பாடும் சிரிப்பும் நிறைந்தவை. பாரிஸ் என்ற நகரம்தான் அந்த அறையின் சாளரத்தில் மங்கலாகத் தெரிகிறது. பிரெஞ்சுக்காரர் ஒருவரின் மனதுக்குள்ளும் நாம் போகவில்லை. அன்றைய நிலையில் போக முடியாதிருந்தது என்பது உண்மை. அந்த முடியாமையையே இன்னும் கிண்டியிருக்கலாம்.

இனி நாம் சொல்ல வந்த மனத்தாங்கலுக்கு வருகிறோம்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவின் வடக்கே ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் எம்முடன் வேலை செய்த ஒருவர் இருந்தார். பருத்தித்துறைப் பக்கம். ஊரில் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரம் திருத்தியவர். ஆங்கிலம் மட்டுமட்டு. அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று விழும் மூடிகளைப் பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. ஒரு நாள் அவர் அடுக்குவதை நிற்பாட்டிவிட்டுத் தலையைச் சாய்த்து இயந்திரத்தைக் கேட்டார். "உது மூச்சு வாங்குது" என்றார். எண்ணெய் ஓடும் குழாய் ஒன்றில் அடைப்பு என்று அவருக்குப் பட்டிருக்கிறது. சுப்பர்வைசருக்குக் கைப்பாஷையில் விளக்கினார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது ஏச்சு. மூன்றாம் நாள் இயந்திரம் நின்றது. வெளியிலிருந்து வந்த தொழில்நுட்பக்காரர் அந்தக் குழாயைத்தான் கழற்றினார். அதற்குப் பிறகு எந்த இயந்திரம் முனகினாலும் அவரைக் கூப்பிட்டார்கள். மணிக்கு 25 சதம் கூட்டிக் கொடுத்ததாக நினைவு. பதவி அதேதான், பெட்டி அடுக்குபவர். ஏனென்றால் அவரிடம் கனேடிய அனுபவம் இல்லை. அப்படிக் கறாராகக் கேட்பது பாரபட்சமாகும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இல் சொன்னது. அதற்குள் எங்கள் தலைமுறை ஓய்வூதியத்துக்குக் கிட்ட வந்துவிட்டது.

இந்த மனிதரை எந்தப் புகலிடக் கதையில் காட்ட முடியும்? எங்கள் கதைகளில் தொழிற்சாலை நிறைய வருகிறது. அங்கே எப்போதும் ஒரே விடயம்தான் நடக்கிறது: ஊரில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்தவர் அவமானப்படுகிறார். அவர் அழுவது தெரியும். அவர் என்ன செய்கிறார் என்பது தெரியாது. மூடியா, கதவுக் கைப்பிடியா, காரின் உதிரிப்பாகமா? இயந்திரம் எப்படி வேலை செய்கிறது? எந்த மணத்தோடு அவர் வீட்டுக்கு வருகிறார்? உணவகக் கதைகளிலும் கோப்பை கழுவுவது இழிவு என்று அறிகிறோம். கழுவும் கை எந்த ஒழுங்கில் அசைகிறது என்று அறிவதில்லை. கையால் செய்யும் வேலையில் அறிய ஒன்றுமில்லை என்ற ஊர் எண்ணம், வெள்ளைச் சட்டைக்காரன் மனம், எங்களோடு விமானம் ஏறி வந்திருக்கிறது. அதற்கு வேளாள மனம் என்றும் பெயர் வைக்கலாம், கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். வேலை இழிவு என்று முன்பே முடிவுகட்டியவனுக்கு அதில் விடுப்பு வராது. விடுப்பு வராத இடத்தில் படைப்பு எப்படி வரும்?

எங்கள் மொழியில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. டொமினிக் ஜீவா சலூனை மறைத்துக்கொண்டு எழுதவில்லை; கத்தியும் நாற்காலியும் அவருடைய இலக்கியத்தின் உள்ளேயே இருந்தன. 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றபோது சிலருக்கு அதுவே சமிக்கவில்லை. மலையகத்தில் தெளிவத்தை ஜோசப் லயத்தையும் தோட்டத்துக் கணக்கையும் எழுதினார். தமிழ்நாட்டில் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், அங்குள்ள சனங்களோடு பேசிப் பழகி 'கரிப்பு மணிகள்' (1979) எழுதினார். கதையமைப்பில் அவரோடு ஆயிரம் குறை காணலாம். செய்தியைக் கொட்டுகிறார், பாத்திரங்கள் சில இடங்களில் பிரசங்கம் செய்கின்றன. ஆனாலும் பாத்தியில் உப்பு எப்படி விளைகிறது, அந்த வெயிலும் உப்பும் தொழிலாளியின் உடம்பை என்ன செய்கின்றன என்பதை அவர் கேட்டறிந்து எழுதினார். தன் அனுபவம் அல்லாத ஒன்றை விடுப்பினால் தன்னுடையதாக்கிக்கொண்டவர் அவர். நாங்களோ உப்பளத்துக்குள்ளேயே நின்றுகொண்டு கடலைப் பற்றி ஏங்கி எழுதினோம்.

நேரம் இல்லை என்ற பதில் எமக்கும் தெரியும். இரண்டு வேலை, நித்திரை நான்கு மணித்தியாலம். ஆனால் அதே ஆட்கள்தானே தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வேலை முடித்த களைப்போடு மனவெளி கலையாற்றுக் குழுவின் ஒத்திகைகளுக்குப் போய் 'அரங்காடல்' மேடையேற்றினார்கள்? சுப்பர்வைசரிடம் ஒரு கேள்வி கேட்கத் தயங்கியவர்கள், இந்த இடத்தில் நான் ஏன் திரும்ப வேண்டும் என்று நெறியாளரோடு இரவு பதினொரு மணிக்கு மல்லுக்கட்டினார்கள். நேரம் இருந்தது. கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த இடம் எப்போதும் பத்திரமாகவும் இருக்கவில்லை. எண்பதுகளின் இறுதியில் இந்த நகரத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து தேடகம் என்று ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள். 'தேடல்' என்று இதழும் நடத்தினார்கள். பெயரிலேயே விடுப்பு. எல்லாப் பக்கத்துப் புத்தகங்களையும் அங்கே வாசிக்கலாம், எல்லாத் தலைமையையும் கேள்வி கேட்கலாம். 1994இல் அதற்குத் தீ வைக்கப்பட்டது. 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததற்கு ஆண்டுதோறும் கூட்டம் வைக்கிற நாங்கள், ரொறன்ரோவில் எரிந்த அலுமாரிகளைப் பற்றிக் கூட்டம் வைப்பது குறைவு. அந்தக் காலத்தில் எழுதியவர்கள் ஏன் சில வாசல்களைத் தட்டவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். முத்துலிங்கத்தைப் பற்றி மேலே சொன்ன குறையை இந்தத் தீயையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் எண்ணிமத் தளத்தில் அக்காலப் புகலிடச் சிற்றிதழ்கள் பலவற்றை இன்று வாசிக்கலாம். அண்மையில் ஒரு குளிர்காலம் முழுக்க அவற்றைப் புரட்டினோம். கவிதைகளில் பெரும்பகுதி வெளிறிவிட்டது. கதைகளில் சில தப்பும். ஆனால் வாசகர் கடிதப் பகுதிகள்! முகவரி தெரியாத யாரோ ஒருவர் ஒரு சிறு சொல்லுக்குப் பொருள் கேட்கிறார். இன்னொருவர் போன இதழ்க் கட்டுரையின் திகதி பிழை என்று இரண்டு பக்கம் சண்டை பிடிக்கிறார். நோர்வேயில் மீன் பதப்படுத்தும் வேலையில் இருப்பவரா, சுவிஸில் சமையற்கட்டில் நிற்பவரா என்று தெரியாத எழுத்துகள். ஆனால் கேள்விகள் ஒவ்வொன்றும் அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கியவை போலச் சுடுகின்றன. அந்தக் கடிதங்களை மட்டும் யாராவது தொகுத்துப் புத்தகமாகப் போடுவதானால், முதற்பிரதிக்கான காசை நாம் முன்கூட்டியே தந்துவிடுகிறோம்.